லண்டனிலிருந்து சில்டர்ன்ஸ் மேடுகளுக்குச் சைக்கிளில்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனுக்கு வந்து ஒரு சைக்கிளும் வாங்கியாயிற்று. பக்கத்துப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி அலுத்துவிட்டது. வார இறுதியில் கிராமத்துப் பக்கம் போகலாம் என்று இணையத்தில் தேடினால், வருகிற வழிகள் எல்லாம் ஒரே மூச்சில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு எழுதியவையாக இருக்கின்றன. ரயிலில் சைக்கிளை எந்த நேரத்தில் ஏற்ற விடுவார்கள், ஏதாவது காகிதம் கேட்பார்களா, நடுவில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. நான் இதையெல்லாம் நாலு இடத்தில் கேட்டு, அலைந்துதான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

நான் சொல்லப்போவது லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் சில்டர்ன்ஸ் பகுதி. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹாரோ, வெம்பிளிப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மெட்ரோபாலிடன் லைன் நேராகவே போகிறது.

1. எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது

இதை முதலில் சொல்லக் காரணம், மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது. சில்டர்ன்ஸில் மிக உயர்ந்த இடமே 267 மீட்டர்தான். நம் ஊர்க் கணக்கில் அதை மலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறும் மேடு அல்ல. தென்கிழக்கில், அதாவது லண்டன் பக்கம், நீளமாக, மெதுவாக ஏறும். வடமேற்கில் வெண்டோவர், பிரின்சஸ் ரிஸ்பரோ பக்கம் செங்குத்தாக விழும். ஓட்டுச் சாய்ப்பு ஒரு பக்கம், சுவர் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரின்சஸ் ரிஸ்பரோவுக்கு அருகில் கோப் ஹில் என்று ஒரு ஏற்றம் இருக்கிறது. சில இடங்களில் சரிவு 25 சதவீதம். புதிதாக ஓட்டுகிறவர் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அதே உயரத்தை லண்டன் பக்கத்துக் கிரேட் மிஸ்ஸெண்டனிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக ஏறினால், பேசிக்கொண்டே ஏறிவிடலாம்.

ஆகவே சூத்திரம் இதுதான்: லண்டன் பக்கத்து நிலையத்தில் இறங்கி, பள்ளத்தாக்குச் சாலையில் மெதுவாக ஏறி, வடமேற்குச் சரிவில் இறங்கி, அங்கே இருக்கும் நிலையத்தில் ரயில் பிடியுங்கள். வட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வட்டமாகப் போனால் சுவர்ப் பக்கம் ஒருமுறை ஏறித்தான் ஆக வேண்டும்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள், மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். 10 கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம் என்பது புதியவருக்குத் தாங்கும் அளவு. 150 ஐத் தாண்டினால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

2. ஆவணங்கள்

சைக்கிள் ஓட்ட இங்கே உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடும் கட்டாயம் இல்லை. ஹெல்மெட்கூடச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் விவாதமே வேண்டாம்.

மின்சாரச் சைக்கிள் என்றால் கவனம். மோட்டாரின் தொடர் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், மணிக்கு 15.5 மைல் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிட வேண்டும். ஓட்டுகிறவருக்கு 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். இதை மீறிய வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். உரிமம், காப்பீடு, வரி எல்லாம் வந்துவிடும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல வண்டிகள் இந்த வரம்பைத் தாண்டியவை.

கட்டாயமில்லை என்றாலும் நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. சைக்கிளைக் கவிழ்த்து அடியில் இருக்கும் ஃபிரேம் எண்ணைப் படம் எடுத்து, ரசீதோடு சேர்த்து வையுங்கள். பைக்ரெஜிஸ்டர் தளத்தில் அந்த எண்ணை இலவசமாகப் பதியலாம். பழைய சைக்கிள் வாங்குகிறீர்கள் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் அதே தளத்தில் எண்ணைப் போட்டு, திருட்டு வண்டியா என்று பாருங்கள். எண்ணைச் சுரண்டி வைத்திருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

நீங்கள் யார் காரிலாவது உரசிவிட்டால் செலவு உங்கள் தலையில் விழும். சைக்கிளிங் யூகே, பிரிட்டிஷ் சைக்கிளிங் ஆகிய அமைப்புகளின் உறுப்பினர் திட்டங்களில் மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்ந்து வருகிறது. எந்தத் திட்டத்தில் வருகிறது என்பதைப் பார்த்துச் சேருங்கள், எல்லாவற்றிலும் வராது.

வேலையில் இருப்பவர்களுக்கு சைக்கிள் டு வொர்க் என்ற திட்டம் உண்டு. சைக்கிள் விலையை வரிக்கு முன்பே சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்வார்கள். அடிப்படை வரி விகிதத்தில் இருப்பவருக்கு 28 சதவீதம் வரை மிச்சம். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியாத மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன. ஒன்று, தவணை முடியும்வரை வண்டி உங்களுடையது அல்ல, முடிவில் அதைச் சொந்தமாக்கிக்கொள்ள ஒரு சிறு தொகை வரும். இரண்டு, நடுவில் வேலையை விட்டால் மீதித் தொகை கடைசிச் சம்பளத்தில் ஒரேயடியாகப் போகும். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: ஸ்கில்டு வொர்க்கர் விசாவில், சம்பள வரம்பை ஒட்டியே வாங்குகிறவர்கள், சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் எந்தத் திட்டத்திலும் எச்ஆரிடம் எழுத்தில் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

3. வண்டியும் செலவும்

ஊரிலிருந்து சைக்கிளைக் கொண்டுவர நினைக்காதீர்கள், விமானக் கூலிக்குக் கட்டாது. பழைய ரோடு சைக்கிள் நல்லதாகவே 200 முதல் 350 பவுண்டுக்குள் கிடைக்கும். கூடவே கடையில் ஒரு சர்வீஸுக்கு 60, 70 பவுண்டு ஒதுக்கி வையுங்கள். முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஒருநாள் வாடகைக்கும் எடுக்கலாம். அதற்கு அடையாள அட்டையும் முன்பணத்துக்கு ஒரு கார்டும் கேட்பார்கள்.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பாருங்கள். அதில் மிகப் பெரிய வளையத்தில் 32 அல்லது 34 பற்கள் இருக்க வேண்டும். முன்னால் சிறிய வளையத்தில் 34. இந்த ஜோடி இருந்தால் இந்தப் பகுதியில் உட்கார்ந்தபடியே பெரும்பாலான ஏற்றங்களை ஏறலாம். பழைய ரேஸ் வண்டிகளில் பின்னால் 25 தான் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும், முழங்கால் போய்விடும். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 32 நுழையும் என்றால் இன்னும் நல்லது.

மற்றவை: பூட்டு 30 முதல் 50 பவுண்டு, ஹெல்மெட் 30 வாக்கில், முன்னும் பின்னுமாக லைட் 30, 40, கைப்பம்ப், டயர் கழற்றும் நெம்பு, இரண்டு ட்யூப் எல்லாம் சேர்ந்து 35. இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும், பெடலில் மஞ்சள் பிரதிபலிப்பானும் வேண்டும்.

4. ரயில்

சைக்கிளுக்குத் தனி டிக்கெட் கிடையாது, இலவசம். ஆனால் நேரக் கட்டுப்பாடு கறாரானது.

மெட்ரோபாலிடன் லைனில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7:30 முதல் 9:30 வரையும், மாலை 4 முதல் 7 வரையும் மடிக்காத சைக்கிளை ஏற்றக் கூடாது. லண்டன் மேரிலபோன் நிலையத்திலிருந்து போகும் சில்டர்ன் ரயில்வேஸில், வார நாட்களில் காலை 7:45 முதல் 10 மணிக்குள் மேரிலபோன் வந்து சேரும் ரயில்களிலும், மாலை 4:30 முதல் 7:30 வரை அங்கிருந்து புறப்படும் ரயில்களிலும் தடை. சனி, ஞாயிறில் இந்தத் தொல்லை இல்லை. மற்ற நிறுவனங்களுக்கு மற்ற விதிகள் இருப்பதால், கிளம்பும் முன் அவரவர் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒரு கண்ணி உண்டு. தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விடுவார்கள். அந்தப் பேருந்தில் மடிக்காத சைக்கிளைப் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். போகும்போது ரயில் ஓடியிருக்கும், திரும்பும்போது ஓடாது. இருட்டும் நேரத்தில் நிலைய வாசலில் சைக்கிளோடு நிற்பது நல்ல அனுபவம் அல்ல. சனிக்கிழமை இரவே நேஷனல் ரெயில் தளத்தில் இரண்டு திசையையும் பாருங்கள்.

அமர்ஷம், செஷம் வரை ஆய்ஸ்டர் போதும். அடிக்கடி போவதாக இருந்தால் நெட்வொர்க் ரெயில்கார்டு என்ற தள்ளுபடி கார்டு வாங்குங்கள், வருடத்துக்கு 35 பவுண்டு. உங்களுக்கும் உங்களோடு வரும் மூன்று பெரியவர்கள் வரைக்கும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நாலு பேர் சேர்ந்து போனால் கார்டுக் காசு சீக்கிரம் திரும்பிவிடும். வார நாளில் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று உண்டு, அதனால் இது சனி ஞாயிறுக்குத்தான் லாபம்.

5. எங்கே ஓட்டுவது

மூன்று துண்டுகள் சொல்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு நிலையத்தில் தொடங்கி ஒரு நிலையத்தில் முடியும். முதல்நாள் ஒன்று போதும். பழகப் பழகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டு, சால்ஃபன்ட் அண்ட் லேட்டிமர் நிலையத்திலிருந்து செஷம். 7, 8 கிலோமீட்டர். நிலையத்திலிருந்து லேட்டிமர் கிராமத்துக்கு இறக்கம். கீழே செஸ் என்ற சின்ன ஆறு. அடியில் கிடக்கும் கல் தெரியும் அளவுக்குத் தெளிவான சுண்ணாம்பு நீரோடை. அதை ஒட்டியே பள்ளத்தாக்குச் சாலை செஷம் வரை போகிறது. சாலை குறுகல்தான், ஆனால் ஏற்றம் என்று சொல்ல அதிகமில்லை. செஷமில் மெட்ரோபாலிடன் லைனின் கடைசி நிலையம் இருக்கிறது. களைத்துவிட்டால் அங்கேயே ஏறிவிடலாம்.

இரண்டாவது, செஷமிலிருந்து பெட்னர் பள்ளத்தாக்கு வழியாக கிரேட் மிஸ்ஸெண்டன். சுமார் 9, 10 கிலோமீட்டர். நேர்ச்சாலையான பி485 இதைவிடக் குறைவு என்று போன் சொல்லும். நம்பாதீர்கள், அதில் கார்கள் வேகமாக வரும். பெட்னர் சாலையில் ஒரு கார் வந்தால் நீங்கள் ஓரமாக ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. கிரேட் மிஸ்ஸெண்டனிலிருந்து ரிக்னல் சாலையில் ஹாம்டன் பாட்டம் பள்ளத்தாக்கில் ஏறி, பிரதமரின் நாட்டுப்புற இல்லமான செக்கர்ஸைக் கடந்து, பட்லர்ஸ் கிராஸில் இறங்கி, வெண்டோவரில் முடியும். 12, 13 கிலோமீட்டர். ஏறுகிறோம் என்பதே தெரியாத ஏற்றம். இரு பக்கமும் வயல், அதற்கு மேல் பீச் மரக்காடு. மேலே ரெட் கைட் என்னும் பிளவு வால் பருந்துகள் வட்டமிடும். புல்லில் உட்கார்ந்து சாண்ட்விச் பிரித்தால் ஒரு கண் மேலே இருக்கட்டும். உச்சிக்குப் பிறகு வரும் இறக்கம் வேகமானது, மரநிழலில் சாலை ஈரமாகவே இருக்கும், அடியில் சாலைச் சந்திப்பு. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் அன்று அந்தப் பக்கம் போகாதீர்கள். இதே வழியைத் தலைகீழாக வெண்டோவரிலிருந்து போட்டால் அந்த இறக்கம் முழுக்க உங்களுக்கு ஏற்றம். வழிகாட்டித் தளங்களில் அப்படித்தான் பல வரைபடங்கள் இருக்கின்றன, திசையைக் கவனியுங்கள்.

மூன்றையும் சேர்த்தால் 30 கிலோமீட்டர் வாக்கில் வரும். புதியவருக்கு நின்று நின்று போனால் மூன்று மணி நேரம். கிரேட் மிஸ்ஸெண்டனையும் வெண்டோவரையும் சுற்றி எச்எஸ்2 ரயில் பாதைக் கட்டுமானத்தால் சாலைகள் மூடப்படுவதும் லாரி நடமாட்டமும் இருப்பதால், கிளம்புவதற்கு முந்தைய நாள் கவுன்சிலின் சாலை மூடல் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

இவை பழகியபின் யூஸ்டனிலிருந்து டிரிங் போங்கள். டிரிங் நிலையம், ஆல்ட்பரி, ஐவிங்ஹோ, அங்கிருந்து பீக்கன் சாலையில் ஏறி ரிங்ஷால், ஆஷ்ரிட்ஜ் காடு, மறுபடி ஆல்ட்பரி. 20 கிலோமீட்டர் வட்டம். இதில் சுவர்ப் பக்கம்தான் ஏற வேண்டும், தப்பிக்க முடியாது. ஆனால் மேலே போனதும் கண்ணுக்கெட்டியவரை சமவெளி. டிரிங் நிலையம் டிரிங் ஊருக்குள் இல்லை, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

முழுச் சில்டர்ன்ஸையும் சுற்றும் சில்டர்ன்ஸ் சைக்கிள்வே 170 மைல். அதை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

6. வரைபடம்

வழிகாட்டும் ஆப் கொமூட், ஸ்ட்ராவா எதுவானாலும் வழி போடும்போது ரோடு சைக்கிள் என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் குறுக்குவழி என்று பிரைடில்வேக்குள் இழுத்துவிடும். அது குதிரைப் பாதை. சைக்கிளுக்கும் அனுமதி உண்டு, ஆனால் மழைக்குப் பிறகு சுண்ணாம்புச் சேறு டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஃபுட்பாத் என்று பலகை இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும்.

அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் காகித வரைபடம் ஒன்று வாங்குங்கள். லேண்ட்ரேஞ்சர் வரிசையில் 165ஆம் தாள் இந்த வழிகளில் பெரும்பகுதிக்குப் போதும். அதில் சாலையின் மேல் சின்ன அம்புக்குறிகள் இருக்கும். ஒற்றை அம்பு 14 முதல் 20 சதவீதச் சரிவு, இரட்டை அம்பு அதற்கும் மேல். அம்பு காட்டுவது இறங்கும் திசையை. அதை எதிர்த்துப் போகாத மாதிரி வழியை வளைத்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும், அதனால் வழியைப் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

7. சாலையில்

இடப்பக்கம்தான், நம் ஊர் மாதிரியே. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்து வேகக் கட்டுப்பாடு முடிந்தது என்று சும்மா கடந்துவிடாதீர்கள். ஒரு கார் மட்டும் நுழையும் சந்தாக இருந்தாலும் அங்கே கார்களுக்கு மணிக்கு 60 மைல் வரை அனுமதி என்று அர்த்தம். அதனால் வேலி உயர்ந்த வளைவுகளில் ஓரத்தை ஒட்டிப் போகாமல் சாலையின் நடுவுக்கு வாருங்கள். எதிரே வருகிறவர் கண்ணில் முன்னதாகவே படுவீர்கள். இது உங்கள் உரிமை. 2022 ஜனவரியில் திருத்திய ஹைவே கோட் என்னும் சாலை விதிகள் அமைதியான சாலையில் நடுவில் ஓட்டச் சொல்கின்றன; இருவர் பக்கம்பக்கமாக ஓட்டவும் இடம் தருகின்றன; முந்தும் கார் 1.5 மீட்டராவது விட வேண்டும் என்கின்றன. பின்னால் கார் பொறுமையாகக் காத்திருந்தால் இடம் வந்ததும் ஒதுங்கி விடுங்கள், கை காட்டுவார்கள்.

குதிரை வந்தால் அதன் பின்னால் ஓசையில்லாமல் நெருங்காதீர்கள். தூரத்திலேயே ஹலோ என்று குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, வலப்பக்கமாக நன்றாக விலகிக் கடந்து போங்கள். இடப்பக்கம் நுழையவே கூடாது. மணியடிப்பதைவிட மனிதக் குரல் குதிரைக்கு நல்லது.

8. பஞ்சர்

இந்த நிலம் முழுக்கச் சுண்ணாம்பு, அதற்குள் சிக்கிமுக்கிக் கல். மழை பெய்தால் வயலிலிருந்து அந்தக் கல் துண்டுகள் சாலைக்கு வந்துவிடும், பிளேடு மாதிரி. மழைக்கு அடுத்த நாள் கிளம்பினால் இரண்டு ட்யூப் கட்டாயம். இரண்டாவது எதிரி, சாலையோர வேலியாக வளரும் ஹாத்தார்ன் செடியின் முள். மார்ச் முதல் ஆகஸ்ட் கடைசிவரை விவசாயிகள் வேலியை வெட்டுவதற்குத் தடை. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரோடு கிளம்பிவிடுவார்கள், முள் அத்தனையும் சாலையில் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலியைப் பார்த்தால் நடுச் சாலையில் போங்கள்.

சாலையோரத்தில் பஞ்சர் கடை என்ற ஒன்று இங்கே இல்லவே இல்லை. ட்யூப் மாற்ற வீட்டிலேயே, வெளிச்சத்தில், பின் சக்கரத்தில் பழகுங்கள். மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவி முள்ளை எடுக்காவிட்டால் புது ட்யூபும் பத்து நிமிடத்தில் போய்விடும்.

9. எப்போது கிளம்புவது

ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை. மே முதல் பாதியில் காட்டுக்குள் புளூபெல் பூத்திருக்கும், ஆனால் ஆஷ்ரிட்ஜ் பக்கம் வார இறுதியில் கார்க் கூட்டம் தாங்காது. அப்போது காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜனவரியில் நிழல் விழும் பள்ளத்தாக்குச் சாலைகளில் நடுப்பகலிலும் பனிக்கட்டி இருக்கும்.

பப் அடுப்பங்கரை மதியம் இரண்டரை வாக்கில் பல ஊர்களில் மூடிவிடும். கிராமக் கடை ஞாயிறு மதியமே சாத்திவிடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் புளிசாதமோ சப்பாத்திச் சுருளோ கட்டிக்கொண்டு போவதே நிம்மதி. தண்ணீர் பிரச்சினை இல்லை, எதையாவது வாங்கிக் குடித்துவிட்டு பப்பில் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாக நிரப்பித் தருவார்கள்.

விழுந்து அடிபட்டால் 999. ஆபத்தில்லாத காயத்துக்கு 111. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பெயர் இருக்காது, அதனால் போனில், நிற்கும் இடத்தை மூன்று சொல்லில் காட்டும் வாட்3வேர்ட்ஸ் ஆப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் அந்த மூன்று சொல்லைக் கேட்டு வந்து சேருவார்கள். வண்டி உடைந்து நடுவழியில் நின்றுவிட்டால், கிளம்பும் முன்பே குறித்து வைத்த உள்ளூர் டாக்ஸி எண்ணைக் கூப்பிட்டு, சைக்கிள் ஏறும் பெரிய வண்டியாக அனுப்பச் சொல்லுங்கள். லண்டனில் ஆப்பைத் திறந்தால் கார் வருகிற மாதிரி இங்கே வராது.